சிரிக்கும் முகமூடிகள்

பிலிப்பைன்ஸ் நாடு 7,641 தீவுகளைக் கொண்டது. அந்தத் தீவுகளில் திருவிழா இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவருக்கென்று ஆண்டில் ஒரு நாள் உண்டு. அந்த நாளில் ஊரே வீதிக்கு வந்துவிடும். 'பியஸ்தா' என்று அதற்குப் பெயர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டை ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்ற சொல் அது. ஆனால் கொட்டும் ஆட்டமும் விருந்தும் தீவு மக்களுடையவை.

அதே தீவுகளைத்தான் ஆண்டுதோறும் சுமார் 20 புயல்கள் சுற்றி வருகின்றன. எரிமலைகள் குமுறுகின்றன, பூமி அதிர்கிறது. பிழைப்புத் தேடி 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போயிருக்கிறார்கள். இத்தனை தொல்லைகளுக்கு நடுவே ஆடிப்பாட எப்படி மனம் வருகிறது என்று வெளிநாட்டார் வியப்பதுண்டு. 'கவலை அறியாத ஜனங்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பகோலோட் நகரத்தின் கதையைக் கேட்டவர்கள் அப்படி எழுதத் துணிய மாட்டார்கள்.

கரும்பும் கப்பலும்

பகோலோட் இருப்பது நெக்ரோஸ் தீவில். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புத் தோட்டம். நாட்டின் சர்க்கரையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. நிலம் ஒருசில குடும்பங்களின் கையில். கரும்பு வெட்டுவது கூலியாட்கள். ஆலை ஓடும் மாதங்களில் அவர்களுக்குக் கூலி உண்டு. ஆலை நின்றதும் வரும் மாதங்களுக்குச் 'செத்த காலம்' என்று பெயர். அந்தக் காலத்தில் அடுப்பு எரிவது கடனை நம்பித்தான்.

1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை வானத்துக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்தது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் சோளத்திலிருந்து எடுத்த இனிப்புப் பாகு சர்க்கரைக்குப் போட்டியாகக் கிளம்பியது. தோட்டக்காரர்களுக்குக் கவலை; கூலிக்காரர்களுக்குப் பட்டினி.

இந்த நிலையில் இடிமேல் இடி விழுந்தது. 1980 ஏப்ரல் 22ஆம் தேதி இரவு, மணிலாவிலிருந்து பகோலோடுக்கு வந்துகொண்டிருந்த 'டான் ஹுவான்' என்ற பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதிக் கடலில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், அல்லது காணாமற் போனார்கள். அவர்களில் பலர் நெக்ரோஸ் தீவைச் சேர்ந்தவர்கள். சில வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவு.

அவ்வாண்டு அக்டோபரில் நகரத்தின் ஆண்டு விழா வந்தது. இழவு விழுந்த ஊரில் விழா எதற்கு என்று நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நகரத்தின் அதிகாரிகளும் கலைஞர்களும் சங்கத்தார்களும் கூடி வேறு விதமாக முடிவு செய்தார்கள். விழா நடக்கும், அதுவும் சிரிப்பு விழாவாகவே நடக்கும் என்றார்கள். ஓவியர் சாந்தியாகோ அதற்கு 'மாஸ்காரா' என்று பெயர் வைத்தார். 'மாஸ்' என்றால் கூட்டம். 'காரா' என்பது முகத்துக்கு ஸ்பானியச் சொல். ஜனத்திரளின் முகம்! காகிதக் கூழில் செய்து கையால் வண்ணம் தீட்டிய முகமூடிகளை அணிந்து மக்கள் வீதியில் ஆடினார்கள். முகமூடிகள் எல்லாவற்றிலும் சிரிப்பு.

முகமூடி போட்டால் வயிறு நிறையுமா? நிறையாது. 1980க்குப் பிறகு நெக்ரோஸில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 1985 வாக்கில் அங்கே குழந்தைகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. நிலப் பங்கீட்டையோ கூலியையோ எந்தத் திருவிழாவும் மாற்றிவிடவில்லை. அதை மறந்துவிட்டு மாஸ்காராவைப் புகழ்வது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். ஆயினும், கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாக அழுவதைவிட ஒன்றாக வீதியில் நிற்பது மேல் என்று துக்கத்தில் இருந்த ஓர் ஊர் நினைத்ததே, அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

கடன் வாங்கி விருந்து

திருவிழாச் செலவைக் கண்டிக்கும் குரல் அந்நாட்டில் புதிதல்ல. தேசத் தலைவர் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மெ தாங்கெரே' நாவலில் ஒரு சிற்றூரின் திருவிழாவைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார். வாணவேடிக்கையிலும் வாத்தியத்திலும் பணம் கரைவதைக் கிண்டலும் செய்கிறார். அவர் கோபம் நியாயமானது. ஆண்டு முழுவதும் சேர்த்ததை ஒரே நாளில் செலவழித்துவிட்டுக் கடன்காரனுக்குப் பதில் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பகுதி பிறர் வயிற்றுக்குத்தான் போகிறது. பியஸ்தா நாளில் வீட்டு வாசல் திறந்தே இருக்கும். உறவினர் வருவார்கள், உறவினரின் நண்பர் வருவார், அந்த நண்பருடன் முன்பின் தெரியாத ஒருவர் வருவார். எல்லோருக்கும் இலை உண்டு. வசதியுள்ள வீடானால் முழுப் பன்றியை மூங்கிலில் கோத்துத் தணலில் வாட்டியிருப்பார்கள். இல்லாத வீட்டில் சோறும் சேமியாவும். சாப்பிடாமல் போனால்தான் வீட்டுக்காரிக்கு வருத்தம். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் விடுமுறை கேட்பதும் பெரும்பாலும் இந்த நாட்களை உத்தேசித்துத்தான்.

அரிசியில் பூத்த இலைகள்

கண்ணுக்கு விருந்து வேண்டுமானால் மே 15ஆம் தேதி லுக்பான் நகருக்குப் போக வேண்டும். கேசோன் மாகாணத்தில் பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். உழவர்களின் புனிதரான இசிதோருக்கு அன்று விழா. முற்காலத்தில் விளைச்சலைத் தேவாலயத்துக்குச் சுமந்துபோய் மந்திரிக்கச் செய்வார்களாம். விளைச்சல் பெருகிக் கோயிலில் இடம் போதாமற் போகவே, அவரவர் வீட்டு வாசலிலேயே அடுக்கிவைத்தார்கள். பாதிரியார் தெருத்தெருவாக வந்து ஆசீர்வதித்தார் என்று ஊரார் சொல்கிறார்கள்.

இன்றும் அந்த வழக்கம்தான். நெற்கதிர், பூசணி, தேங்காய், வாழைத்தார், மிளகாய், புடலை எல்லாம் சுவரேறிச் சன்னலில் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே மின்னுவது 'கிப்பிங்'. அரிசி மாவைக் கரைத்துச் சாயம் கலந்து, அகலமான மரத்து இலைமேல் மெல்லப் பூசி ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு இலையை உரித்தெடுத்தால் அதன் நரம்புகள் அப்படியே பதிந்த மெல்லிய அப்பளம் கிடைக்கும். பாரம் வைத்துக் காயவிட்டு, நூற்றுக்கணக்கில் கோத்துச் சரவிளக்கைப் போல வீட்டு முகப்பில் தொங்கவிடுவார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெயிலில் அவை கண்ணாடிபோல் ஒளிவிடும். விழா முடிந்ததும் பொரித்துத் தின்னவும் செய்யலாம்!

லுக்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஊர்வலம் எல்லா ஆண்டும் ஒரே வழியில் போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு தெருக்கள் மாறுகின்றன. பெரிய வீதிக்காரர்களுக்கு மட்டுமே புனிதர் சொந்தம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

யாருக்காக ஆட்டம்?

கலிபோ நகரில் ஜனவரியில் நடக்கும் 'ஆத்தி-ஆத்திஹான்' வேறு வகை. பனாய் தீவின் ஆதிக்குடிகளான ஆத்தி மக்களைப்போல் உடம்பில் கரி பூசிக்கொண்டு, குழந்தை இயேசுவின் பெயரைச் சொல்லிக் கொட்டு முழக்கத்தோடு நாட்கணக்கில் ஆடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் பத்து நிமிஷத்தில் ஆட்டக்காரனாகிவிடுவான். அந்த ஆதிக்குடிகளில் பலர் இன்னமும் வறுமையில் வாடுவது மட்டும் இந்தக் கோலாகலத்தின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது புதிதாக ஓர் ஆபத்தும் வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளைக் கவர வேண்டும் என்று திருவிழாக்கள் போட்டியாகி வருகின்றன. மேடை, நடுவர், பரிசுத் தொகை, கம்பெனி விளம்பரம் எல்லாம் வந்துவிட்டன. பகோலோடில் காகிதக் கூழ் போய்ப் பிளாஸ்டிக்கும் இறகும் பளபளக்கின்றன. கூட்டமும் வருமானமும் பெருகியிருக்கின்றன. அதை வேண்டாம் என்று சொல்ல வறிய நாட்டுக்கு முடியாது. ஆனால் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்று டிக்கெட்டோடு பார்ப்பவனுக்கு அந்த ஊரார் விருந்தாளியைப் பார்ப்பதுபோன்ற பார்வை கிடைக்குமா என்பது சந்தேகமே.

செபு நகரின் 'சினுலோக்' விழாவில் இரண்டையும் ஒரே நாளில் காணலாம். 1521இல் மாகெல்லன் செபு அரசிக்குப் பரிசளித்த குழந்தை இயேசு சிலைக்காக எடுக்கும் விழா அது. 1980 முதல் அது பெரிய அணிவகுப்பாக வளர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உடையில், ஒரே தாளத்தில், பரிசுக்காக ஆடுகிறார்கள். ஆட்டத்தின் அடவு எளிது: இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. ஆற்று நீரோட்டத்தின் போக்கு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

அணிவகுப்பு கலைந்த மறுநாளும் அந்த அடவு நிற்பதில்லை. சிலை இருக்கும் தேவாலயத்தின் முற்றத்தில் மெழுகுவத்தி விற்கும் பெண்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். சில காசு கொடுத்து, இன்னாருக்காக என்று பெயரைச் சொன்னால் போதும். மெழுகுவத்திகளைக் கையில் ஏந்திக்கொண்டு, அந்தப் பெயரை முணுமுணுத்தபடி, இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக அந்தக் கிழவி ஆடத் தொடங்குகிறாள்.