கரையில் மூட்டிய கணப்பு

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவின் வடகரைச் சாலையிற் செல்வோர்க்கு ஒருபுறம் நீலக்கடல். மறுபுறம் கல்மதில் சூழ்ந்த சிறு வயல்கள். சின்னப்பர் விரிகுடாவில் 1610-இல் எழுந்த காவற்கோபுரம் இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. அப்பால், மெல்லீஹா ஊரிலே தேவதாயின் திருத்தலம்.

பகைவர் கப்பலுக்கு அஞ்சிக் கட்டிய கோபுரம் அது. ஆயினும் இக்கரையின் பெருமை அதனினும் பழையது. கைதியாய் உரோமைக்குச் சென்ற புனித சின்னப்பரின் கப்பல் உடைந்து 276 பேர் இத்தீவில் கரையேறினர் என்கிறது அப்போஸ்தலர் பணி. மழையிலும் குளிரிலும் நடுங்கிய அந்த அந்நியருக்குத் தீவினர் கணப்பு மூட்டினர்.

2022 ஏப்ரலில் அங்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், கடல் கடந்து வந்த அகதிகளைச் சந்தித்தார். இன்றும் அக்கடலில் ஏழைகளின் படகுகள் தத்தளிக்கின்றன. அன்பர்களே, நம் வாயிலுக்கு வரும் அந்நியனுக்கு நாம் கணப்பு மூட்டுகிறோமா, காவற்கோபுரம் எழுப்புகிறோமா?