பஸ் எங்கே இருக்குன்னு ஆப் சொல்லுது... அந்த ஜி.பி.எஸ். பெட்டியைச் சோதித்தது யார்?

அம்பத்தூர் ஓ.டி.யிலோ பூந்தமல்லி பஸ் நிலையத்திலோ நிற்கும் பாதிப் பேரின் கண் இப்போது சாலையில் இல்லை, மொபைலில் இருக்கிறது. மாநகர் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று பார்க்க 2022 மே மாதம் ‘சென்னை பஸ்’ ஆப் வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ ஆப் வந்தது. பள்ளி வேன், கம்பெனி பஸ், கால் டாக்சி என்று மேப்பில் நகரும் புள்ளியை நம்பித்தான் ஒரு நாள் ஓடுகிறது.

அந்தப் புள்ளி சில நேரம் ஏரிக்குள் நிற்கும், சில நேரம் பக்கத்துத் தெருவில் ஓடும். ‘சர்வர் பிரச்சினை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் சர்வருக்குப் போகும் முன்பே, வண்டிக்குள் இருக்கும் சின்னப் பெட்டியிலேயே தப்பு தொடங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத் தேவை ஒரு லேப்டாப், ஒரு யு.எஸ்.பி. கேபிள், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். இதைச் செய்ய எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125 ஹெச் என்று ஒரு விதி உண்டு. அதன்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். இருசக்கர வாகனம், இ-ரிக்‌ஷா, ஆட்டோ போன்ற மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை ‘ஏ.ஐ.எஸ். 140’ என்ற தரநிலை சொல்கிறது. டி.என். 12 பூந்தமல்லி, டி.என். 13 அம்பத்தூர் பதிவு எண்ணோடு ஓடும் டாக்சிகளுக்கும் இதே விதிதான்.

இங்கே முக்கியமானது அவசர பட்டன். இரவு ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண் ஆபத்தில் அதை அழுத்தினால், வண்டி இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். அந்த இடம் தப்பாகப் போனால் உதவியும் தப்பான இடத்துக்குத்தான் போகும். பஸ் லேட் என்ற எரிச்சலோடு இது முடிகிற விஷயம் இல்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பெட்டிக்குள் இருப்பது நகத்தளவு ரிசீவர் ஒன்று. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னலை அது பிடிக்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால்தான் இடம், உயரம், நேரம் மூன்றும் தெரியவரும். நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

கணக்கு முடிந்ததும் ரிசீவர் நொடிக்கு ஒரு முறை சில வரிகளை வெளியே அனுப்புகிறது. இந்த வரிகளின் வடிவத்துக்கு ‘என்.எம்.இ.ஏ. 0183’ என்று பெயர். கப்பல் கருவிகளுக்காக உருவான பழைய மொழி, இன்றைக்கு நம் பஸ்ஸிலும் இதுதான் ஓடுகிறது. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை செயற்கைக்கோள், துல்லியம் எவ்வளவு என்று எல்லாமே கமா போட்டுப் பிரித்த எண்களாக வரும்.

இந்த வரிகளைப் படிக்கவும், ரிசீவரின் செட்டிங்கை மாற்றவும் கணினி மென்பொருள்கள் உள்ளன. சுவிட்சர்லாந்தின் யூ-பிளாக்ஸ் நிறுவனம் தன் சிப்களுக்காகத் தரும் ‘யூ-சென்டர்’ இதில் பிரபலம். விண்டோஸில் ஓடும், காசு கிடையாது. குவெக்டெல் போன்ற மற்ற நிறுவனங்களும் தங்கள் சிப்களுக்கு இதுபோலத் தருகின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மாட்யூல் வாங்கி வந்தால், கல்லூரி மாணவரே வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்து பார்க்கலாம்.

மாட்யூலை யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வழியாக லேப்டாப்பில் இணைக்க வேண்டும். ஒன்றின் அனுப்பும் கம்பி, இன்னொன்றின் வாங்கும் கம்பிக்குப் போக வேண்டும். பிறகு மென்பொருளில் காம் போர்ட்டையும் வேகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய மாட்யூல்கள் பலவற்றில் வேகம் 9600, புதிய சிலவற்றில் 38400. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் புரியாத எழுத்துகள் கொட்டும். பலர் இந்த இடத்திலேயே ‘மாட்யூல் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் வேகத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆவடி பஸ் திருமழிசைப் பக்கம் போன கதை

அதிகம் நடக்கும் தப்பு ஒன்றைக் கணக்கோடு பார்ப்போம். ஆவடியில் ஓர் இடம், அட்சரேகை 13.1150 டிகிரி, தீர்க்கரேகை 80.1050 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ரிசீவர் இதை அப்படியே அனுப்பாது. டிகிரியையும் நிமிடத்தையும் ஒட்டி 1306.9000 என்றும் 08006.3000 என்றும் அனுப்பும். அதாவது 13 டிகிரி 6.9 நிமிடம், 80 டிகிரி 6.3 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 6.9-ஐ 60-ஆல் வகுத்தால்தான் 0.1150 வரும்.

வகுக்க மறந்து, புள்ளியை மட்டும் நகர்த்தி 13.0690, 80.0630 என்று எழுதிவிட்டால்? வடக்கு தெற்காக 5 கி.மீ., கிழக்கு மேற்காக நாலரை கி.மீ. விலகும். மொத்தத்தில் பஸ் சுமார் 7 கி.மீ. தென்மேற்கே, திருமழிசைப் பக்கம் நிற்பதாக மேப் காட்டும். புள்ளி நகரும், நிற்கும், திரும்பும். பார்க்க உண்மை போலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. ரிசீவர் தரும் இடத்தை அதன் சொந்த மென்பொருளிலும் நம் மேப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் இந்தத் தப்பு பிடிபடும்.

நேரத்திலும் இதே கதைதான். ரிசீவர் தருவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். பெட்டியும் ஒரு முறை கூட்டி, சர்வரும் ஒரு முறை கூட்டினால், காலை 8 மணி பஸ் மதியம் ஒன்றரைக்குப் போனதாகப் பதிவாகும். பழைய ரிசீவர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் தொடங்கியது 2019 ஏப்ரல் 6-ல். மென்பொருளைப் புதுப்பிக்காத ரிசீவர் சுமார் 20 ஆண்டுகள் பின்னால் போய்விடும்.

‘டேபிளில் ஓடுச்சு, வண்டியில ஓடல’

இந்தப் புலம்பலுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

ஒன்று, செட்டிங்கைச் சேமிக்காதது. யூ-சென்டரில் ஒரு மாற்றம் செய்து ‘அனுப்பு’ கொடுத்தால் ரிசீவர் உடனே கேட்கும். ஆனால் தனியாகச் சேமிக்கவும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கரண்ட் போனதும் பழையபடி ஆகிவிடும். விலை குறைந்த மாட்யூல்கள் சிலவற்றில் செட்டிங் நிற்பதே ஒரு சின்ன பேக்கப் பேட்டரியின் தயவில்தான். அது தீர்ந்தால் சேமித்ததும் போச்சு.

இரண்டு, தப்பான இயக்க மாடல். ரிசீவர் இருக்கப்போவது நிலையான கம்பத்திலா, நடப்பவர் கையிலா, காரிலா, கப்பலிலா, டிரோனிலா என்று மென்பொருளில் சொல்லலாம். ‘நிலையானது’ என்று இருக்கும் ரிசீவரைப் பஸ்ஸில் மாட்டினால், அது நகர்வதையே பிழை என்று நினைத்து அடக்கப் பார்க்கும்.

மூன்று, ஆன்டெனா. டேஷ்போர்டுக்கு அடியில், தகட்டுக்குப் பின்னால் பெட்டியைத் திணித்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? மென்பொருளில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு பட்டை தெரியும். பட்டையின் எண் 40-ஐத் தாண்டினால் நல்ல சிக்னல், 30-க்குக் கீழே என்றால் பலவீனம். வண்டிக்கு வெளியே 42 காட்டியது, பொருத்திய பிறகு 28 காட்டினால், பெட்டியின் இடத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம்.

மேம்பாலத்துக்குக் கீழே

மேற்குப் புறநகருக்கே உரிய சோதனையும் ஒன்று உண்டு. போரூரிலிருந்து பூந்தமல்லி வரை சாலையின் தலைக்கு மேலே இப்போது மெட்ரோ பாலம் நீள்கிறது. அதை ஒட்டி ஓடும் வண்டிக்கு வானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடும். கான்கிரீட்டிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறித்து வரும் சிக்னல், நேராக வந்ததைவிட நீண்ட வழியில் வருவதால் தூரக் கணக்கு கெடும். அதனால்தான் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது.

இதற்கு முழுத் தீர்வு இல்லை, குறைக்க வழி உண்டு. ஜி.பி.எஸ். மட்டும் என்று இருக்கும் செட்டிங்கை மாற்றி ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றையும் திறந்துவிட்டால், மிச்சமிருக்கும் வானத்திலேயே அதிக செயற்கைக்கோள்கள் கிடைக்கும். இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ திருத்தச் சேவையையும் மென்பொருளில் தேர்ந்தெடுக்கலாம். விமானங்களுக்காக வந்தது என்றாலும், அந்தச் சிக்னலைப் பிடிக்கத் தெரிந்த எந்த ரிசீவரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம்.

அட்டையில் ‘நாவிக்’ என்று போட்டிருந்தால் போதுமா?

நம் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஏவப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் வணிக வாகனக் கருவிகளில் நாவிக் வசதி கட்டாயமானது. ஆனால் நாவிக் முதலில் பயன்படுத்தியது எல்5, எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளை. மலிவான ரிசீவர்கள் பெரும்பாலும் கேட்பது எல்1 மட்டுமே. நாவிக்கில் எல்1 வந்ததே 2023 மே 29-ல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளோடுதான். 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்.-02 திட்டமிட்ட பாதைக்கு உயர முடியவில்லை. இருப்பிடச் சேவைக்கு 4 செயற்கைக்கோள்களே இயங்குவதாக 2025 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது.

ஆக, அட்டையில் ‘நாவிக்’ என்று அச்சிட்டிருப்பது வேறு, ரிசீவர் உண்மையில் நாவிக்கைக் கேட்பது வேறு. என்.எம்.இ.ஏ. வரிகளில் ஒவ்வொரு நாட்டு அமைப்புக்கும் தனி முன்னெழுத்து உண்டு. ஜி.பி.எஸ்.க்கு ‘ஜி.பி.’, நாவிக்குக்கு ‘ஜி.ஐ.’. மென்பொருளைத் திறந்து அந்த வரி வருகிறதா, பட்டை எழுகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

‘கருவிக்குத்தான் ஏற்கெனவே சான்றிதழ் இருக்கே’ என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சான்று கருவியின் மாடலுக்கு. உங்கள் பிள்ளை ஏறும் வேனில், அந்த மெக்கானிக் அன்றைக்குப் பொருத்திய விதத்துக்கு யாரும் சான்று தரவில்லை. சீல் வைத்த பெட்டியை ஊரில் எல்லோரும் திறக்கக் கூடாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. செட்டிங்கை மாற்றும் உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கட்டும், ரிசீவர் அனுப்பும் வரிகளைப் படித்துப் பதிவுசெய்யும் வசதி மட்டும் திறந்திருந்தால் போதும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பொருத்திய பிறகு திறந்த வெளியில் வண்டியை 10 நிமிடம் நிறுத்த வேண்டும். ரிசீவரைக் குளிர் நிலையிலிருந்து தொடங்கி, எத்தனை நொடியில் இடம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அசையாத வண்டியின் புள்ளி எவ்வளவு அலைகிறது என்று மென்பொருளின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். அவசர பட்டனை அழுத்தி, கட்டுப்பாட்டு அறைக்குப் போன இடமும் ரிசீவர் சொன்ன இடமும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். இந்தப் பதிவை ஒரு ஃபைலாகச் சேமித்து வண்டியின் ஆவணத்தோடு வைக்க வேண்டும். தகுதிச் சான்று புதுப்பிக்க வரும்போது அதே சோதனையைத் திரும்பச் செய்து, பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆவடியில் பாலிடெக்னிக் இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது, பிழைப்புக்கும் ஒரு வழி.

அதுவரை, பள்ளி வேன் நடத்துபவரிடமோ கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவிலோ நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “அவசர பட்டனைக் கடைசியாக அழுத்திப் பார்த்தது எப்போ? அப்போ இடம் சரியா காட்டுச்சா?” தேதியோடு பதில் வந்தால் நல்லது. பதில் வரவில்லை என்றால், அந்தப் பட்டன் இதுவரை சோதிக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.