மாடி வீட்டுப் பையனும் 2846-ம்

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி பாதி டம்ளரில் இருக்கும்போது கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே ஜாதி. ஒன்று சந்தா கேட்பவர்கள், இன்னொன்று சிக்கலில் மாட்டியவர்கள். எங்கள் கோட்டூர்புரம் ஹவுஸிங் போர்டு ஃப்ளாட்டில் போன வாரம் தட்டியது இரண்டாவது ஜாதி. மாடி வீட்டுப் பையன். கையில் ஃபைல், முகத்தில் மூன்று நாள் தாடி.

"ஸார், நீங்க முன்னாடி பாரிமுனைல கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்தீங்கதானே?"

இருந்தேன். அதை இந்த ஏரியாவில் யாரும் இதுவரை மரியாதையாக விசாரித்ததில்லை. உட்காரச் சொன்னேன்.

பையன் வேலை பார்ப்பது கிண்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. சீனாவிலிருந்து செரியம் ஆக்ஸைடு வரவழைத்து மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவர்களுக்கு விற்கிறார்கள். லென்ஸைப் பளபளப்பாக்கும் பவுடர். இவனுக்கு இன்னும் புரொபேஷன் முடியவில்லை. பில் ஆஃப் என்ட்ரியில் கஸ்டம்ஸ் கோடு போட வேண்டிய இடத்தில், சப்ளையர் கேட்டலாக்கைப் பார்த்திருக்கிறான். 'கிளாஸ் பாலிஷ்' என்று கொட்டை எழுத்து. டாரிஃப் புத்தகத்தில் 'பாலிஷ்' எங்கே என்று தேடி 3405 போட்டுவிட்டான். ஷூ பாலிஷ், ஃபர்னிச்சர் கிரீம் எல்லாம் குடியிருக்கும் வீடு அது. துறையிலிருந்து க்வெரி வந்துவிட்டது: 'இதில் என்னென்ன கலந்திருக்கிறது?'

மானேஜர் சொன்னாராம்: "கோடு போட்டது நீதானே? நீயே பதில் எழுது. டெமரேஜ் ஏறினா உன் கணக்கு."

மானேஜர்கள் மாறுவதே இல்லை.

அந்தக் காலத்தில் வரியைக் கணக்கிடுவது அதிகாரியின் வேலை. 2011-லிருந்து இறக்குமதி செய்பவரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வசதிதான். ஆனால் வரி குறைவாகக் கட்டியது தெரிந்தால் இரண்டு வருஷம் வரை திரும்பக் கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்தது என்றால் ஐந்து வருஷம். தப்பாக அறிவித்த சரக்கைப் பறிமுதல் செய்யவும் 1962 கஸ்டம்ஸ் சட்டத்தில் இடமுண்டு. பையன் கூகிளில் இதையெல்லாம் ராத்திரி பூரா படித்திருக்கிறான். தாடிக்குக் காரணம் அதுதான்.

"பயப்படாதே. நான் பண்ணாத தப்பா?" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிகரெட் லைட்டருக்குப் போடும் கல் ஒரு பார்சல் வந்தது. கல் என்கிறோமே தவிர, அது செரியமும் இரும்பும் கலந்த உலோகம். ரேர் எர்த் உலோகங்களுக்கு 2805 இருக்கிறதே என்று மிடுக்காக டைப் அடித்துக் கொண்டுபோனேன். வயதான அப்ரைசர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பட்டாசுக்கடையில தேடுங்க" என்றார். கிண்டல் இல்லை. ஃபெர்ரோ-செரியம் 3606. வெடிமருந்து, வாணவேடிக்கை, தீப்பெட்டி இருக்கும் 36-ஆம் அத்தியாயம். உரசினால் பொறி பறக்கிறதல்லவா!

"அப்போ பெட்ரோமாக்ஸ் மேண்டில் எங்கே வரும், சொல்லுங்க?"

தோரியமும் கொஞ்சம் செரியமும் ஏற்றிய மேண்டில். கெமிக்கல் என்றேன். விளக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு 59-ஆம் அத்தியாயத்தைத் திறந்தார். ஜவுளி! 5908, விளக்குத் திரிக்குப் பக்கத்தில். கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் போன அத்தனை வெளிச்சமும் சட்டப்படி துணி.

"பேரைப் பாக்காதீங்க தம்பி. எந்த ரூபத்துல வந்து நிக்குதுன்னு பாருங்க" என்றார். அன்றைக்கு ஆபீஸில் எனக்கு விழுந்த திட்டு இந்தப் பத்திரிகையில் அச்சேறாது.

பையனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டுக்காரி இன்னொரு காப்பி கொண்டுவந்தாள். நான் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்குப் போனேன் - வாயால்தான்.

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மேண்டிலுக்குத் தோரியம் தேடிய காலம் அது. இன்று அங்கே மணலைப் பிரிப்பது 1950-ல் தொடங்கிய ஐ.ஆர்.இ.எல்., மத்திய அரசு நிறுவனம். மோனசைட் மணலாக இருக்கும்வரை 2612, தோரியத் தாது. அணுசக்திச் சட்டம் வேறு காவலுக்கு நிற்கிறது. அதிலிருந்து ரேர் எர்த் குளோரைடு பிரித்தெடுத்தால் 2846. உலோகமாக்கினால் 2805. நியோடிமியத்தை இரும்போடு சேர்த்துக் காந்தமாக்கினால் 8505. காந்தம் ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் 8518. ஒரே பிடி மணல், ஊருக்கு ஊர் பெயர் மாற்றிக்கொண்டு திரிகிற ஆசாமி மாதிரி.

(ரேர் என்று பெயர்தான். பூமியின் மேலோட்டில் செரியம் ஏறத்தாழ செம்பு அளவுக்கு இருக்கிறது. பிரித்தெடுப்பதுதான் பிராணன் போகிற வேலை.)

"என் பவுடர் எங்கே ஸார் வரும்?"

டாரிஃபில் பலர் புரட்டாமல் தாண்டும் பக்கம் ஒன்று உண்டு: பிரிவுகளின் தலையில் இருக்கும் நோட்ஸ். ஆறாவது பிரிவு, 28 முதல் 38 வரையுள்ள அத்தியாயங்கள். அதன் முதல் நோட் சொல்கிறது: கதிரியக்கப் பொருளாக இல்லாமல், 2846-க்குப் பொருந்துகிற சரக்கு அந்தப் பிரிவுக்குள் வேறெந்த வீட்டுக்கும் போகக் கூடாது. 3405-ம் அதே பிரிவுதான்! போதாததற்கு 2846 தனிச் சேர்மத்தோடு நிற்பதில்லை. இந்த உலோகங்களின் கலவைச் சேர்மங்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே செரியத்தோடு லாந்தனம் இருந்தாலும் கவலையில்லை. மெழுகு, எண்ணெய், வேறு ஏதாவது சேர்த்துப் பாலிஷாகவே தயாரித்திருந்தால்தான் கதை மாறும்.

"அப்போ எல்லாம் உள்ளே என்ன இருக்குங்கறதுலதான் இருக்கு. அனாலிஸிஸ் சர்டிஃபிகேட் எங்கே?"

கேட்கவே இல்லையாம். அங்கேயே உட்கார்ந்து சீனாக்காரருக்கு மெஸேஜ் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை யார் பதில் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாற்பது நிமிஷத்தில் வந்தது. செரியம் ஆக்ஸைடு, லாந்தனம் ஆக்ஸைடு, துளி ஈரம். வேறொன்றுமில்லை. பையன் அந்த பிடிஎஃப்-பைப் பார்த்த பார்வையில், பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் வந்தால்கூட அப்படிப் பார்ப்பானா தெரியாது.

இருவரும் சேர்ந்து பதில் எழுதினோம். தப்பை மழுப்பாமல் 'கேட்டலாக் பெயரை வைத்துத் தவறாக வகைப்படுத்திவிட்டோம்; சர்டிஃபிகேட் இணைப்பு; பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்த அனுமதிக்கவும்' என்று. மழுப்பின வரியை அவன் மூன்று தடவை போட்டான், நான் மூன்று தடவை அடித்தேன். அடுத்த முறை சந்தேகம் வந்தால் சரக்கு ஏற்றுவதற்கு முன்பே டில்லியிலோ மும்பையிலோ அட்வான்ஸ் ரூலிங் கேட்கலாம் என்பதையும் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை சரக்கு வெளியே வந்துவிட்டது. டெமரேஜ் ஐந்து நாள். மானேஜர் பாதியைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொல்லி, பிறகு விட்டுவிட்டாராம். தாடியும் போயிருந்தது.

"தாங்க்ஸ் ஸார். அடுத்த மாசம் ஒரு புது அயிட்டம் வருது" என்றான் வாசலில் நின்றபடி. "காந்தம் ஸார். ஆனா ஒரு பக்கம் பிளாஸ்டிக் கொக்கி ஒட்டியிருக்கு. ஃப்ரிட்ஜ்ல மாட்டிக்கறது. அது காந்தமா, கொக்கியா?"

உள்ளே வரச் சொன்னேன்.