பழைய ரூட்டரை மாட்டலாமா? வீட்டுக்கு இரண்டாவது வாசல்... பூட்டு எங்கே?

"ஹால்ல வைஃபை பறக்குது, பின்ரூம்ல படுத்துடுது!" பல வீடுகளில் இதே புலம்பல்தான். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்து மாட்டிவிட்டால் தீர்ந்ததா? கொஞ்சம் பொறுங்கள்!

செலவில்லாத வைத்தியம்

ரூட்டரை டி.வி.க்குப் பின்னாலும் இரும்பு பீரோ பக்கத்திலும் ஒளித்து வைத்தால் சிக்னல் எப்படி வரும்? வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம். சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது; ஆனால் சுவரைத் தாண்டும். பின்ரூமில் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? இரண்டாவது ரூட்டர் போடலாம். முதல் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து, அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு தனிக் குடித்தனம்! ஒன்றில் இருக்கும் போனுக்கு இன்னொன்றில் இருக்கும் பிரிண்டர் தெரியாமல் போகும்.

தேடி வந்த போலீஸ்

2008 ஜூலை 26. ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல். துப்புத் துலக்கிய போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒரு வீட்டு வாசலில்! அங்கே பூட்டில்லாமல் கிடந்த வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் நுழைந்ததும், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்கள், ரூட்டர்களுக்குள்தான்.

எனவே, மாட்டும்போதே இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்: வைஃபைக்கு ஒன்று, ரூட்டர் செட்டிங்குக்கு ஒன்று. கம்பெனி அப்டேட் நிறுத்திவிட்ட பெட்டியா? அது பரணிலேயே கிடக்கட்டும்!