விறகடுப்பைப் பராமரிப்பதும் குடும்பப் பொறுப்புத்தான்



2022 இல் வெற்று சிலிண்டரை வீதியோரம் அடுக்கிவைத்து இரவிரவாகக் காத்திருந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது விறகடுப்பு.

இன்று அந்த அடுப்புகள் எங்கே? பல வீடுகளில் குசினிக்குப் பின்னால், வாய் உடைந்து கோழி படுக்கும் இடமாகக் கிடக்கின்றன. “மண் அடுப்பு நிலைக்காது” என்று ஒரு பேச்சும் இருக்கிறது. அடுப்பில் பிழையில்லை, கவனிப்பார் இல்லை என்பதுதான் நமது கருத்து.

அனகி அடுப்பைப் பாருங்கள். ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கும் சுட்ட களிமண் அடுப்பு அது. 1980களிலிருந்து நம் நாட்டில் பாவனையில் உள்ளது. வாங்கிவந்து அப்படியே வைத்து எரித்தால் ஒரு வருடமளவில் வெடிப்பு விழும். சுற்றிவர மண் பூசினால் மூன்று வருடமளவு தாக்குப்பிடிக்கும். சூடும் வெளியே போகாது, விறகும் மிச்சம்.

இது பெரிய வேலையில்லை. புற்றுமண் அல்லது களிமண்ணோடு கொஞ்சம் மணலும் உமியும் சேர்த்துக் குழைத்துத் தடிப்பாகப் பூச வேண்டும். நன்றாகக் காயும்வரை நெருப்பு மூட்டக் கூடாது. சின்ன வெடிப்புக் கண்டால் உடனே மண்ணால் அடைத்துவிட வேண்டும். சமைத்து முடிந்ததும் சூட்டோடு தண்ணீர் ஊற்றி அணைப்பதுதான் அடுப்புக்குப் பெரிய கேடு. விறகை வெளியே இழுத்து அணைத்தால் போதும். தடித்த கட்டையை உள்ளே திணித்தால் உட்சுவர் உடையும். சாம்பலை அள்ளாவிட்டால் காற்றுப் போகாது. ஈர விறகு எரித்தால் புகைபோக்கியில் கரி படிந்து, புகை குசினிக்குள்ளேயே திரும்பும்.

அந்தப் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது? நம் உம்மாமாரின், மனைவிமாரின், இடுப்பில் இருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள். மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றும் நாளை மறக்காத ஆண்கள், அடுப்புப் பூசுவதைப் பெண்களின் வேலை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. மண் சுமப்பதும் விறகைக் கொத்திக் காயவைப்பதும் புகைபோக்கி துடைப்பதும் நம் கைக்கு ஏற்ற வேலைகள்தான்.

பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சி அடுப்புக்கும் இதே கதிதான். பதினொரு மாதம் மழையில் நனையவிட்டு, நோன்பு நெருங்கும்போது புதுக் கல்லுக்கும் சீமெந்துக்கும் சந்தா சேர்க்கிறார்கள். மேலே இரண்டு தகரம் போட்டு மூடினாலே பாதிச் செலவு மிஞ்சும்.

நமது யோசனை இதுதான். மாரி மழைக்கு முன் ஜமாஅத் ஒரு லோட் களிமண் இறக்கட்டும். வாலிபர்கள் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, முதலில் விதவைகளின் வீடுகளிலும் முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளிலும் அடுப்புப் பூசிக் கொடுக்கட்டும். இன்னொரு தட்டுப்பாடு வந்தால் அந்த வீடுகளில்தான் அடுப்பு முதலில் தேவைப்படும்.

நல்ல களிமண் எங்கே எடுக்கலாம், நம் ஊரில் அடுப்புப் பூசத் தெரிந்த பெரியவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.