வாடகைக்குப் போகும் மருந்தாளுநர் சான்றிதழ்

டி.பார்ம் படித்த பிள்ளை வளைகுடாவில் இருப்பார். அவரது பதிவுச் சான்றிதழ் ஊர் மருந்துக்கடைச் சுவரில் தொங்கும். அதற்கு மாத வாடகையும் வீட்டுக்கு வரும். பல குடும்பங்கள் இதைத் தவறாகவே நினைப்பதில்லை.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே அனுமதி. போலி மருந்தாளுநர்களைத் தடுப்பது மாநில அரசு, பார்மசி கவுன்சில் ஆகியவற்றின் கடமை என, பீகார் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது.

பதிவோடு முடிவதில்லை. புதுப்பிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். 2015 விதிமுறைகள் 5 ஆண்டுகளில் 2 புத்தாக்கப் பயிற்சிகளையும் கேட்கின்றன.

மாத்திரையின் அளவு மாறினால் உயிரே போகலாம். அன்று முதலில் விசாரிக்கப்படுவது சுவரில் உள்ள பெயர்தான். பெற்றோரே, அந்தச் சான்றிதழ் மக்களின் அமானிதம். பிள்ளை நிற்காத கடையில் அது தொங்க வேண்டாம்.