புள்ளி ராஜாவின் தொண்டை

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விழிப்புணர்வு விளம்பரத்தில் சுவரெல்லாம் கேட்டு ஊரையே பேசவைத்த மாநிலம் இது. முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனாலும் ஆணுறைப் பேச்சு டீக்கடை வரை வந்து சேர்ந்தது. எச்.ஐ.வி. பரவும் நான்கு வழிகளைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அந்தப் பட்டியலில் வாய் தனியாக இல்லை. வாய்வழி உறவில் கர்ப்பமும் வராது, நோயும் வராது என்று பலரும் இருந்துவிடுகிறார்கள்.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது பெரிய தப்புக்கணக்கு இல்லை. அந்த வழியில் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மற்ற நோய்களின் கதை வேறு. வெட்டை நோய்க் கிருமி தொண்டையில் தங்கினால் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. சிறுநீரைச் சோதித்தால் அது அகப்படாது. தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துப் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பில் இருப்பதைவிடத் தொண்டையில் இருப்பதைக் குணமாக்குவதும் கடினம். சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. உதட்டிலோ நாக்கிலோ வலியில்லாத புண்ணாக வரும். ‘உடம்புச் சூடு’ என்று மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவோம். சில வாரங்களில் புண் தானாகவே ஆறும், கீரைக்குப் பெயர் கிடைக்கும், நோய் உடம்புக்குள் போய்விடும். உதட்டோரக் கொப்புளத்தின் ஹெர்பிஸ் பிறப்புறுப்புக்குத் தாவும். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தொண்டையிலும் புற்றை உண்டாக்கும். அதற்கான தடுப்பூசியைப் பெண் பிள்ளைகளின் விஷயமாக மட்டும் பேசுவது போதாது. ஆண் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

எச்.ஐ.வி. சோதனை நடக்கும் நம்பிக்கை மையங்களில் ஆலோசகர்கள் கேட்கும் கேள்விகளோடு ‘வாய்வழி உறவு உண்டா?’ என்பதும் சேரட்டும். திருமணமானவர்களிடமும் கேட்கட்டும். கேட்பவரே கூச்சப்பட்டால் வந்தவர் எப்படி வாய் திறப்பார்? ‘உண்டு’ என்றால் தொண்டையையும் சோதிக்க வழி வேண்டும். தொற்று உறுதியானால் துணைக்கும் சோதனையும் சிகிச்சையும் வேண்டும்.

மக்களுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். ஆணுறை வாய்வழி உறவுக்கும் உதவும். (ஸ்ட்ராபெரி மணமுள்ள ஆணுறையை மருந்துக்கடைகளில் விற்கிறார்கள், எதற்கு என்றுதான் யாரும் சொல்வதில்லை.) பெண்ணுக்கு என்றால் புது ஆணுறையின் நுனியையும் அடி வளையத்தையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து விரித்துத் தடுப்பாக வைக்கலாம். வாயிலோ பிறப்புறுப்பிலோ புண், கொப்புளம் இருந்தால் ஆறும்வரை வேண்டாம். ஈறில் ரத்தம் கசியும்படி பல் தேய்த்த கையோடும் வேண்டாம். வாய் கொப்பளிப்பது பாதுகாப்பு ஆகாது.

இவற்றைத் துண்டறிக்கையில் சுற்றி வளைக்காமல் அச்சிடுங்கள். 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் ஒருவர் தயங்கித் தயங்கி இதைக் கேட்டால், ஒழுக்கப் பாடம் நடத்தாமல் இந்த விவரங்களைச் சொல்லவும், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் தொண்டைச் சோதனை நடக்கிறது என்று சொல்லவும் அங்கே பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்